நாற்பத்தொரு குட்

பணகுடிக்குத் தெற்கே காற்று
கேட்டுக்கொண்டு உள்ளே வருவதில்லை.
ஆனி பிறந்துவிட்டால் ஏழாம் வகுப்பில்
ஜன்னலோரப் பிள்ளைகள்
ஒரு கையால் எழுதி
மறுகையால் நோட்டைப் பிடித்துக்கொள்வார்கள்.
புத்தகம் தானே பாடம் மாற்றும்.
கிளியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்த ஜெபக்கனி
அதே மூச்சில் ரயிலுக்குள் போய்விட்டாள்.
யாரும் கவனிக்கவில்லை.
நானும், உண்மையைச் சொன்னால்,
இரண்டு வரி கழித்துத்தான்.

ஒன்பதரைக்கு வாசிப்பு. பத்துக்கு எழுத்து.
நாலுகோடு நோட்டில் தினமும் ஐந்து வரி,
நேற்று நடந்ததில் எதையாவது.
வார்த்தை அகப்படாத இடத்தில்
தமிழை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.
அதனால் அவர்களுடைய இங்கிலீஷில்
பனங்காய் உருண்டது,
மதினி கோபித்துக்கொண்டு போனாள்,
காற்றாலைக் கம்பெனியில் ஒரு அப்பாவுக்கு
வாட்ச்மேன் வேலை இரண்டு வாரம் இருந்தது.
‘இஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘வாஸ்’ வரும்.
சில வீடுகளில் அதுதான் சரி.

பலவேசத்துக்கு எஸ் ஆகாது.
ஹி கோ. ஷி கம். த கோட் ஈட்.
“ஒத்த ஆடுதான டீச்சர், அதுக்கு எதுக்கு எஸ்?
நெறய ஆட்டுக்குத்தான எஸ்ஸு?”
இதற்குப் பதில்
பி.எட்.டில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாலேகாலுக்குப் பஸ்.
நாற்பத்தொரு நோட்டும் மடியில்.
வள்ளியூருக்குள் இருபது,
நாங்குநேரி டோல்கேட்டில் முப்பத்தைந்து,
மூன்றடைப்பு தாண்டும்முன் பேனா பைக்குள்.
எல்லாவற்றின் அடியிலும்
குட், குட், குட்.

ஒரு செவ்வாய்க்கிழமை
முப்பிடாதியின் ஐந்தாவது வரி இப்படி இருந்தது:
நேற்று உங்கள் ‘குட்’ வாசித்தேன்.
நீங்கள் என் நோட்டு வாசித்தீர்களா?

அந்த மொழியில்
வாசிக்கிறேனுக்கும் வாசித்தேனுக்கும்
எழுத்து ஒன்றுதான்.
வாயைத் திறந்தால்தான் காலம் தெரியும்.
பிழை தேடினேன்.
கேள்விக்குறிகூடப் போட்டிருந்தாள்.
மேலே இருந்த நாலு வரியை
அப்போதுதான் படித்தேன்.

தங்கச்சிக்குப் பல் விழுந்தது.
ஓட்டின் மேல் எறிந்தோம்.
காற்று திருப்பிக் கொண்டுவந்தது.
மறுபடி எறிந்தோம்.

பக்கத்து சீட்டு அம்மாள்
“என்ன, ஃபெயிலா?” என்றாள்.
“ஆமா” என்றேன்.

அன்று தொடங்கி ஒவ்வொரு நோட்டிலும் ஒரு வரி.
ஒரு கேள்வி. அல்லது என் வீட்டில் நடந்தது ஒன்று,
குக்கர் விசில் பறந்து பரணுக்குப் போனது மாதிரி.
டவுனுக்குள் பஸ் நுழைந்த பிறகும் எழுதினேன்.
எல்லா நாளும் இல்லை.
தலைவலி நாட்களில் பழைய குட்தான்,
அதை அவர்கள் விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள்,
அடியில் வேறேதும் இருக்கிறதா என்று.

இப்போதெல்லாம்
மணி அடிக்குமுன்பே வாசிப்பு தொடங்கிவிடுகிறது.
பாடப்புத்தகம் பைக்குள் இருக்கிறது.
வாசிப்பது என் சிவப்பு மையை.

“இங்ஙன எழுத்து துள்ளுதுல்லா?
இது டோல்கேட்டு.”
“ஏல, டோல்கேட்டுல பஸ் நிக்கும்,
எழுத்து நேரா இருக்கும்.
இது மூணடைப்பு ஸ்பீடுபிரேக்கரு.”
அந்த ரூட்டில் முப்பிடாதி
ஒருநாளும் பஸ் ஏறியவள் இல்லை.

பலவேசம் மட்டும் பேசவில்லை.
அவன் ஆட்டைப் பற்றி நான் எழுதிய வரியை
மூக்கருகே வைத்திருந்தான்.
பிறகு எழுந்து, என் மேஜைக்கு வந்து,
பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினான்.

யுவர் கோட் ஈட் எவ்ரிதிங்.

வகுப்பு மொத்தமும் எட்டிப் பார்த்தது.
“டீச்சருக்கும் எஸ் விழுந்துட்டு” என்றான்,
அவ்வளவு சந்தோஷமாக.
கடைசி பெஞ்சிலிருந்து ஜெபக்கனி கேட்டாள்:
“ஓட்டு மேல எறிஞ்சிருவமா, டீச்சர்?”